கொழும்பு, அங்கேயும் கொசுதான்

அத்தியாயம் 7

ஒரு பலகைத் துண்டு போதும், தூக்குக் கயிற்றை நிறுத்திவிடலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். வக்கீல்கள் சொல்வதெல்லாம் நடந்தால் ஜெயிலில் எலிதான் குடியிருக்கும். லியாகத் அலி நம்பவில்லை. அவர் எதையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. போலீசில் ஏட்டாக இருந்து, மேலே இருந்தவனோடு ஒத்துப்போகாமல் உடுப்பைக் கழற்றி வைத்தவர். இப்போது ராயபுரத்தில் ஒரு கயிற்றுக்கடை மாடியில் உட்கார்ந்து துப்பறிகிறார்.

“கீழ கயிறு திரிச்சு விக்கிறான், மேல நீ முடிச்சு அவுக்கிற. நல்ல ஏவாரம் பாய்” என்பான் சின்னப்பையன்.

சின்னப்பையன் அவருடைய கையாள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வியாசர்பாடியில் குத்துச்சண்டை போட்டு, மூக்கை அங்கேயே விட்டுவிட்டு வந்தவன். பேர் வைத்தபோது சின்னப் பையனாகத்தான் இருந்தான். அப்புறம் மாற்ற யாருக்கும் நேரமில்லை.

அன்று காலை இரண்டு பேரும் கைகாட்டி முக்கில் நின்றார்கள். ஹார்பருக்குப் போகிற ரோடும் காசிமேட்டுக்குப் போகிற ரோடும் கூடுகிற சதுக்கம் அது. நடுவில் ஒரு மரக் கம்பம். யுத்த காலத்தில் பட்டாளத்துக்காரன் நட்டது. பட்டாளம் போன பிறகு கம்பம் மொட்டையாக நின்றது. அதில் பலகை பலகையாக அடித்து, அதற்கு வாய் கொடுத்தவன் லியோனார்ட் என்கிற கப்பல் கூலி. கப்பலுக்குத் துரு தட்டிப் பெயிண்ட் அடிப்பது அவன் பிழைப்பு. ஊரைச் சிரிக்க வைப்பது அவன் வியாதி.

ஹார்பர் வாசலைக் காட்டும் பலகையில் “வேலை, நாளைக்கு வா” என்று எழுதியிருந்தான். கடலைக் காட்டும் பலகையில் “லண்டன், துரை போன வழி.” அதற்குக் கீழே “ரங்கூன், நடந்து வந்தவனைக் கேள்.” மூடிக் கிடந்த கள்ளுக்கடைப் பக்கம் “சொர்க்கம், சர்க்கார் பூட்டிவிட்டது.” போலீஸ் ஸ்டேஷன் பக்கம் “மாமியார் வீடு, அழைப்பு வேண்டாம்.” ஒவ்வொரு பலகையின் முனையிலும் ஒரு காக்கா போட்டிருப்பான். அதுதான் அவன் கையெழுத்து. வெளியூர்க்காரன் வழி தெரியாமல் அந்தக் கம்பத்தைப் பார்த்தால் வந்த வேலையை மறந்துவிட்டுப் போவான்.

லியோனார்ட் இப்போது இல்லை. போன சித்திரையில் ஒரு சாயங்காலம் காணாமல் போனான். கால்வாய்க் கரையில் ரத்தமும், அவன் சட்டையும், துரு தட்டுகிற சுத்தியல் ஒன்றும் கிடைத்தன. சுத்தியல் பக்தவச்சலம் மேஸ்திரியுடையது. மேஸ்திரியின் கீழ் வேலை செய்த ஒருவன் கப்பல் தொட்டிக்குள் காற்றில்லாமல் செத்துப்போனான். அதை லியோனார்ட் சந்தி சந்தியாகப் பேசினான். அதனால் வந்த பகை என்று கேஸ். பிணம் கிடைக்கவில்லை. ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து கால்வாய்ப் பக்கம் போனதைப் பார்த்த சாட்சிகள் கிடைத்தார்கள். மேஸ்திரிக்குத் தூக்கு. மேல்கோர்ட்டும் சரி என்றது. கருணை மனு ஒன்றுதான் பாக்கி.

இந்த நேரத்தில், கம்பத்தில் புதுசாக ஒரு பலகை.

“கொழும்பு, அங்கேயும் கொசுதான்.”

முனையில் காக்கா. லியோனார்ட் எழுத்தேதான். அவன் பலகை எழுதி மாட்டுகிறான் என்றால் உயிரோடு இருக்கிறான். உயிரோடு இருப்பவனைக் கொன்றதற்காக யாரைத் தூக்கில் போடுவது? வக்கீல் குதித்துக்கொண்டு லியாகத்திடம் வந்தார், மாட்டினவனைக் கண்டுபிடி என்று. கூடவே மேஸ்திரியின் பெண்டாட்டி ராஜாத்தியும் வந்திருந்தாள். தேயிலைப் பெட்டி ரிப்பேர் செய்கிற கிடங்கில் வேலை செய்கிறவள். அவள் அதிகம் பேசவில்லை. “அவரைத் தூக்குல போடக்கூடாது பாய்” என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வருவார். லியோனார்டின் பெண்டாட்டியைக் கூப்பிட்டு, இது உன் புருஷன் எழுத்துதானா என்று எல்லார் முன்னாலும் கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் பலகை கோர்ட்டுக்குப் போகும். அதற்குள் லியாகத் ஏதாவது கண்டுபிடிக்க வேண்டும்.

“பாய், இத்தப் பார்த்தியா? எப்டி மின்னுது! பயபுள்ள உயிரோடதான் கீறான். கொயும்புல குந்திகினு கொசு அடிச்சுகினு கீறான்.”

“கொயும்புல குந்தியிருக்கறவன் ராயபுரத்துல எப்டிடா ஆணி அடிப்பான்?”

“கை நீளமா இருக்கும்.”

“உன் வாய் மாதிரி.”

லியாகத் கம்பத்தைச் சுற்றி வந்தார். மற்ற பலகைகள் எல்லாம் லாரி மேல் நிற்கிறவன் தலைக்கும் மேலே இருந்தன. இது அவர் மூக்குக்கு நேராக இருந்தது.

“சின்னப்பையா, லியோனார்டு எதுல நின்னு வேலை செய்வான்?”

“கயித்துலதான். கப்பல் பக்கத்துல பல்லி மாதிரி தொங்குவான். தரையில நின்னா அவனுக்குத் தலை சுத்தும்.”

“அப்போ இத்த ஏன் தரையில நின்னு அடிச்சான்?”

“வயசாவுது இல்ல.”

“செத்தவனுக்கா?”

சின்னப்பையன் கம்பத்தை அண்ணாந்து பார்த்து உயரத்தைக் கணக்குப் போட்டான். அது அபூர்வம்.

மற்ற பலகைகளில் விரல் நீளத்துக்குக் கப்பல் ஆணி. இதில் முனையில் ஒரு வெடிப்பு, குறுக்கே ஒரு தகரப் பட்டையைப் போட்டு, பட்டை நெடுகப் பொடி ஆணியாக அடித்திருந்தது. லியாகத் பலகையின் பின்பக்கம் கையை விட்டுத் தடவினார். பெயிண்ட் இல்லை. வெறும் மரம். சொரசொரவென்று இருந்தது. யாரோ சமீபத்தில் சுரண்டியிருக்கிறார்கள். விரலை மூக்கில் வைத்துப் பார்த்தார்.

பிறகு முன்பக்கத்துக்கு வந்து நிறத்தைப் பார்த்தார். மயில் கழுத்து நிறம். பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. பார்த்துக்கொண்டே நின்றவர், மெதுவாகத் திரும்பி ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தார். அங்கே அப்துல் வஹாப் டீக்கடை. கடையின் கதவு மயில் கழுத்து நிறம்.

“வா, டீ குடிக்கலாம்” என்றார்.

“இப்பதான் நீ புத்தியோட பேசற.”

ராயபுரத்தில் பெயிண்டைக் கடையில் போய் வாங்குகிறவன் கிடையாது. எந்தக் கப்பல் வந்து நிற்கிறதோ அந்தக் கப்பலின் பெயிண்ட்தான் அந்த மாதம் ஊருக்கு. கூலிக்காரன் வேலை முடிந்து வரும்போது டப்பாவின் அடியில் மிச்சம் இருப்பதைக் கொண்டுவருவான். யாரும் கேட்கமாட்டார்கள், கேட்கவேண்டியவன் வீட்டுக் கதவும் அதே நிறத்தில்தான் இருக்கும். கறுப்புக் கப்பல் வந்தால் படகெல்லாம் கறுப்பு. சிவப்புக் கப்பல் வந்தால் தெருவே ரத்தக்களறி. கதவைப் பார்த்தே எந்த வருஷம் எந்தக் கப்பல் வந்தது என்று சொல்லிவிடலாம்.

“வஹாப் பாய், கதவுக்கு எப்ப அடிச்ச?”

அப்துல் வஹாப் டீயை உயரத் தூக்கி ஆற்றினார். தாடியில் பாதி நரை. கண் மட்டும் எப்போதும் ரோட்டில் இருக்கும்.

“போன பங்குனி. நார்வேக்காரன் கப்பல் ஒண்ணு வந்துது இல்ல? அப்போ. முக்குல பாதி வூடு அந்தக் கலருதான். லியோனார்டுதான் கொண்டாந்து குடுத்தான். ஆட்டுக் கொம்புக்குக்கூட அடிச்சிகினு திரிஞ்சானுங்க.”

“அந்தக் கப்பல் மறுபடி வந்துதா?”

“எங்க வரும்? பர்மாவுல அக்யாப்புக்கு அந்தாண்ட பாறையில ஏறி ஒடைஞ்சுபோச்சு. அந்தக் கலரு வேற எவன் கப்பல்லயும் கிடையாது.”

சின்னப்பையன் குறுக்கே விழுந்தான். “இரு இரு. டப்பால மிச்சம் வச்சிருந்து இப்ப எழுதியிருக்கலாமே? லியோனார்டு எங்கியோ ஒளிஞ்சிகினு, டப்பாவையும் ஒளிச்சு வச்சிகினு...”

அப்துல் வஹாப் உள்ளே போனார். ஒரு டப்பாவோடு வந்தார். மூடியைத் திறந்து சின்னப்பையன் முன்னால் வைத்தார். உள்ளே மயில் கழுத்து நிறத்தில் கல் மாதிரி ஒரு கட்டி. சின்னப்பையன் கரண்டிக் காம்பால் குத்தினான். காம்புதான் வளைந்தது.

“தொறந்த டப்பா மழைக்காலம் தாண்டாது தம்பி” என்றார் வஹாப்.

“இத்த எவன் மண்டையில போட்டாலும் இன்னொரு தூக்குக் கேசு” என்றான் சின்னப்பையன். ஆனால் குரலில் சுருதி இறங்கிவிட்டது. அவனுக்கும் புரிந்துவிட்டது. பலகை போன பங்குனியில் எழுதினது. லியோனார்ட் உயிரோடு இருந்தபோது எழுதினது. இத்தனை நாள் எங்கேயோ வெயில் படாமல் கிடந்ததால் மின்னுகிறது. அவன் இன்னும் உயிரோடு இருப்பதற்கு அது சாட்சி இல்லை.

லியாகத் டீயைக் குடிக்காமல் வைத்தார். “வஹாப் பாய், உனக்கு இது காலைலயே தெரியும்.”

“கடை தொறக்கும்போதே தெரியும். முக்குல எல்லாருக்கும் தெரியும். நம்ம வூட்டுக் கதவு கலரு நமக்குத் தெரியாதா?”

“ஏன் சொல்லல?”

“யாரு கேட்டாங்க? சனம் சந்தோசமாக் கீது. டீயும் ஓடுது.” வஹாப் துணியால் கடை மேசையைத் துடைத்தார். “நீ ஒருத்தன்தான் பாய் கெளறிகினு வந்து நிக்கிற.”

லியாகத்துக்கு அது சுருக்கென்று இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை. மனுஷர்கள் பார்த்ததைச் சொல்லமாட்டார்கள், பார்க்காததைக் கோர்ட்டில் ஏறிச் சொல்லுவார்கள். அவர் உத்தியோகம் பார்த்துக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

“எந்திரி” என்றார். “பலகை எங்கயிருந்து வந்துதுன்னு சொல்லக்கூடியவ ஒருத்திதான்.”

காசிமேட்டில் லியோனார்டின் பெண்டாட்டி சிலுவையம்மாள் வாசலில் உட்கார்ந்து கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருந்தாள். கை முழுக்கச் செதில். தலையை நிமிர்த்தாமலே யார் வந்தது என்று தெரிந்துகொண்டாள்.

“குந்து பாய். பலகையைப் பத்திதானே?”

“உனக்குச் சொன்னாங்களா?”

“காலைலருந்து வந்துகினே கீறாங்க. லியோனார்டு எழுத்து, லியோனார்டு எழுத்துன்னு. இன்னா ஊரு போட்டிருக்குன்னு சொல்ல வந்தவளை வாயை மூடுன்னுட்டேன்.”

“ஏன், நீ போயிப் பார்க்கலியா?” என்றான் சின்னப்பையன்.

“பார்த்தா தெரிஞ்சுபூடும் இல்ல?” அவள் ஒரு மீனைத் திருப்பிப் போட்டாள். “பார்க்காத வரிக்கும் எங்கியோ கீறான். சாயங்காலம் இன்ஸ்பெட்டரு கூப்ட்டா போயித்தானே ஆவணும். அது வரிக்கும் வுடுங்களேன்.”

சின்னப்பையன் லியாகத்தின் சட்டையைப் பிடித்து இழுத்தான். போய்விடலாம் என்று அர்த்தம். லியாகத் நகரவில்லை. இதை வேறு யாராவது கேட்டிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். கேட்பதற்கு வேறு யாரும் இல்லை.

“கொயும்புன்னு ஒரு பலகை எழுதினானா?”

கத்தி நின்றது.

“மயில் கலரா?”

“ஆமா.”

“கொசுன்னு போட்டிருக்குதா?”

“போட்டிருக்கு.”

“மொனையில வெடிப்பு?”

“இருக்கு.”

சிலுவையம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு சாதாரணமாகப் பேசினாள், மார்க்கெட்டில் விலை சொல்கிற மாதிரி.

“வெடிச்சுபோச்சுன்னு அத்தக் கம்பத்துல மாட்டல. இங்கதான் கெடந்துது. தொட்டிக்குள்ள அந்தப் பையன் செத்தான் பாரு, அப்பால ஒரு நாளு அத்தத் திருப்பிப் போட்டுப் பின்னால எழுதினான். படகுக்குப் பூசற தாரை எடுத்து எழுதினான். ‘மேஸ்திரி பக்தவச்சலம் காட்டற வழி, உள்ள போவலாம், வெளிய வர முடியாது’ன்னு. எழுதிட்டு எனக்குப் படிச்சுக் காட்டிச் சிரிச்சான். சாயங்காலம் மாட்டறேன்னு அக்குள்ள வச்சிகினு போனான்.”

“வரவேயில்ல.”

“வரல. கோர்ட்டுல நான் சொன்னேன் பாய், இப்டி ஒரு பலகை கீதுன்னு. அந்த வக்கீலு சிரிச்சான். எங்கேம்மா உன் பலகைன்னு கேட்டான். எனக்கு வாய் வரல. மேஸ்திரி, அப்டி ஒரு பலகையே கெடையாதுன்னு சத்தியம் பண்ணான். முன்னால இன்னா எழுதியிருந்துதுன்னு எவனும் கேக்கல. நானும் சொல்லல.”

அன்றைக்குச் சிரித்த வக்கீல்தான் இன்றைக்குக் குதிக்கிற வக்கீல். லியாகத் அதைச் சொல்லாமல், “பின்னால இப்ப எழுத்து இல்ல, சுரண்டியிருக்கு” என்றார்.

“அப்போ அவன் இல்ல” என்றாள் சிலுவையம்மாள். கேள்வி மாதிரி இல்லை. அவள் மறுபடி மீனைக் கீற ஆரம்பித்தாள்.

தெருமுனைக்கு வந்ததும் சின்னப்பையன் நின்றான். பிறகு துப்பினான். “தூ. நம்ம பொயப்பும் ஒரு பொயப்பா பாய்? உயிரோட இருந்தவனைப் போயிக் கொன்னுட்டு வரோம்.”

“நட.”

“எங்க?”

“அந்தப் பலகையை எடுத்துகினு போனவன் லியோனார்டு. அவன்கிட்டருந்து புடுங்கினவன் அவனைக் கொன்னவன். கொன்னவன் ஜெயில்ல கீறான். அப்போ இப்ப மாட்டினது யாரு?”

“அவன் தோஸ்து எவனாச்சும்.”

“தகரப் பட்டை போட்டுப் பொடி ஆணி அடிக்கிற தோஸ்து. கப்பல்காரன் அப்டி அடிக்கமாட்டான். தச்சன் அடிக்கமாட்டான். எதுக்குடா அப்டி அடிப்பாங்க?”

சின்னப்பையன் நடந்துகொண்டே யோசித்தான். சட்டென்று நின்றுவிட்டான். “அய்யே” என்றான். “தேயிலைப் பெட்டிக்கு.”

கிடங்கு முற்றத்தில் உடைந்த தேயிலைப் பெட்டிகள் மலை மாதிரி குவிந்து கிடந்தன. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, மூலைக்கு மூலை தகரப் பட்டை வைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். வாய் நிறைய ஆணி. ஒரு கை ஆணியை வாயிலிருந்து எடுக்கும், இன்னொரு கை அடிக்கும், பேச்சுக்கு இடமில்லை. ராஜாத்தி ஓரமாக இருந்தாள். குள்ளமானவள். நின்றாலும் லியாகத்தின் மூக்குக்கு மேல் அவள் சுத்தியல் எட்டாது.

லியாகத் அவள் பக்கத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இன்னாத்தை வச்சுச் சுரண்டின? கண்ணாடித் துண்டா, அரிவாமணையா?”

ராஜாத்தியின் சுத்தியல் தகரத்தின் மேலேயே நின்றது. பிறகு அவள் வாயிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டாள்.

“அரிவாமணை” என்றாள்.

“பலகை எப்டி வந்துது?”

“அன்னிக்கி அவருதான் எடுத்தாந்தாரு. அடுப்புல போடுன்னாரு. தாரு எழுதுன பலகை, போட்டா கரும்புகையா வரும், அக்கம்பக்கத்துல இன்னான்னு கேப்பாங்க. பரண் மேல தூக்கிப் போட்டுட்டேன். அவரு ஒண்ணியும் சொல்லல. கையைத்தான் கழுவிகினே இருந்தாரு.”

சின்னப்பையன் தலையில் கை வைத்துக்கொண்டான். “ஏம்மா, எங்களையும் இட்டாந்து, வக்கீலையும் இட்டாந்து, ஒண்ணியும் தெரியாத மாதிரி நின்னுகினு இருந்தியே!”

“நானா இட்டாந்தேன்? வக்கீலு இட்டாந்தாரு. நான் வரலன்னா சந்தேகம் வரும்னு வந்தேன்.” அவள் லியாகத்தை நேராகப் பார்த்தாள். “அவரு பண்ணலன்னு நான் உங்ககிட்ட எப்பவாச்சும் சொன்னேனா பாய்? தூக்குல போடக்கூடாதுன்னுதான் சொன்னேன்.”

லியாகத் நினைத்துப் பார்த்தார். அவள் சொன்னது உண்மை. கயிற்றுக்கடை மாடியில் அவள் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொன்னாள். எல்லாரையும் சந்தேகப்படுகிற மனுஷன், எதிரில் நின்ற பெண் சொல்லாமல் விட்டதைக் கேட்காமல் இருந்துவிட்டார். காக்காயைப் பார்த்த கண்ணுக்கு இது தெரியவில்லை.

“நீங்க பேசாம இருந்தா போதும் பாய். அவங்க பாட்டுக்கு எடுத்துகினு பூடுவாங்க.”

“நான் பேசாம இருப்பேன். தாரு இருக்காது.”

“அதான் சுரண்டிட்டேனே.”

“மேலதான் சுரண்டின. தாரு மரத்துக்குள்ள எறங்கியிருக்கும். காலைல தடவுனேன், விரல்ல வாடை வந்துது. இன்ஸ்பெக்டரு எடுத்துகினு போயி ஒரு துணியில மண்ணெண்ணெய் தொட்டுத் துடைச்சான்னா உன் புருசன் பேரு எழுந்து நிக்கும். இல்லவேயில்லன்னு அவன் சத்தியம் பண்ண பலகை. கருணை மனு அன்னியோட சரி.”

ராஜாத்தியின் முகம் வெளுத்தது. ஆணி பிடுங்குகிற இரும்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எழுந்த வேகத்தில் மடியிலிருந்த ஆணியெல்லாம் தரையில் சிதறியது. வாசலைத் தாண்டியதும் ஓட ஆரம்பித்தாள்.

“அவ எடுக்கட்டும் வுடு பாய்” என்றான் சின்னப்பையன்.

“நான் தடுத்தேனா?” என்றார் லியாகத். ஆனாலும் இரண்டு பேரும் பின்னாலேயே ஓடினார்கள்.

நேரமாகிவிட்டது. முக்கில் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. கம்பத்தடியில் இன்ஸ்பெக்டர். பக்கத்தில் வக்கீல், புதுமாப்பிள்ளை மாதிரி. கூட்டம் விலகி வழிவிட, காசிமேட்டு ரோட்டிலிருந்து சிலுவையம்மாள் வந்தாள். கையைக்கூடக் கழுவாமல் வந்திருந்தாள்.

ராஜாத்தி கூட்டத்தின் முன் வரிசையில் இரும்பும் கையுமாக நின்றுவிட்டாள். மூச்சு வாங்கியது.

“இந்தாம்மா, நல்லாப் பாரு” என்றார் இன்ஸ்பெக்டர். “இது உன் புருஷன் எழுத்தா?”

லியாகத் கணக்குப் போட்டார். ஆமாம் என்பாள். ஏன் சொல்லமாட்டாள்? ஆமாம் என்றால் பலகை கோர்ட்டுக்குப் போகும், எழுத்து கிளம்பும், அவள் சொன்னது பொய் இல்லை என்று ஊருக்கே தெரியும். சிரித்த வக்கீல் வாயை மூடுவான். கொன்றவன் தொங்குவான். அவர் அவள் இடத்தில் இருந்தால் இரண்டு தடவை சொல்லுவார்.

சிலுவையம்மாள் பலகையைப் பார்த்தாள். கம்பத்தைச் சுற்றிப் பின்னால் போனாள். சுரண்டின மரத்தின் மேல் கையை வைத்து, ஒரு முனையிலிருந்து இன்னொரு முனை வரைக்கும் மெதுவாகத் தடவினாள். நிமிர்ந்தபோது ராஜாத்தி கண்ணில் பட்டாள். அவள் கையிலிருந்த இரும்பும் பட்டது. முன்னால் வந்தாள்.

“இல்ல” என்றாள்.

“என்னது?”

“இது அவன் எழுத்து இல்ல.”

வக்கீல் பாய்ந்து வந்தார். “காக்கா போட்டிருக்கே அம்மா! நன்றாகப் பார்!”

“காக்காயை எவன் வேணா போடுவான். பத்து வருசம் குடித்தனம் பண்ணவளுக்கு அவன் கை தெரியாதா? இது அவன் எழுத்து இல்ல.”

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரி செய்துகொண்டார். அவருக்கு ஒரு வேலை மிச்சம். “எவனோ போக்கிரி விளையாடியிருக்கான். போங்க, போங்க, ரோட்டை விடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். வக்கீல் யாரையும் பார்க்காமல் ஒரு ரிக்‌ஷாவில் ஏறினார். அப்துல் வஹாப் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது.

“ஏன் பாய் இப்டிச் சொன்னா?” என்று கிசுகிசுத்தான் சின்னப்பையன்.

லியாகத்துக்குத் தெரியவில்லை.

சிலுவையம்மாள் ராஜாத்தியைக் கூப்பிட்டாள். “நீதானே அடிச்ச? நீயே புடுங்கு. எனக்கு வேணும்.”

ராஜாத்தி வந்தாள். ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தாள். இரும்பு வழுக்கி வழுக்கித் தகரத்தில் கீச்சிட்டது. சிலுவையம்மாள் பலகையின் இன்னொரு முனையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

“ஆமான்னு சொல்லியிருக்கலாமே” என்றாள் ராஜாத்தி, ஆணியைப் பார்த்துக்கொண்டே. “அவருக்கு எப்டியும் முடிஞ்சுபோச்சு.”

“ஆமான்னா கோர்ட்டுக்காரன் எடுத்துகினு பூடுவான். திருப்பிக் குடுக்கமாட்டான். அவன் போட்டிருந்த சட்டையையே இன்னும் குடுக்கல.”

கடைசி ஆணியும் வந்தது. பலகை சிலுவையம்மாளின் கைக்கு வந்தது. அவள் அதைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். செதில் ஒட்டிக்கொண்டது. மறுபடி துடைத்தாள்.

“அவனைப் பார்க்க உன்னை வுடுவாங்களா, தூக்குக்கு முந்தி?” என்றாள்.

“இன்னொரு தபா வுடுவாங்கன்னு சொன்னாங்க.”

“எம் புருசனை எங்க போட்டேன்னு அவனைக் கேட்டியா?”

“கேட்டேன். மூஞ்சியைத் திருப்பிகினாரு.”

சிலுவையம்மாள் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். காசிமேட்டு ரோட்டைப் பார்க்கத் திரும்பினாள்.

“மறுபடி கேளு” என்றாள்.